ஒரே நாணயம், பல ஏடுகள்

யூரோ என்னும் ஒரே நாணயத்தைக் கையாளும் தேசங்கள், அரசாங்கக் கணக்கை மட்டும் தத்தமக்குப் பழகிய முறையிலேயே எழுதிவருவது எத்தகைய அனர்த்தத்துக்கு இடங்கொடுக்கும் என்பதை, 2009-ஆம் ஆண்டு கிரேக்க தேசம் உலகுக்குக் காட்டிற்று. உள்நாட்டு உற்பத்தியில் 3.7 சதவீதம் என மதிப்பிடப்பட்ட அவ்வாண்டின் பற்றாக்குறை, அக்டோபர் மாதத்திலேயே 12.5 ஆகி, முடிவில் 15 சதவீதத்தையும் தாண்டிற்று. கணக்கைத் திரித்தவர்களின் குற்றம் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அரசாங்க மருத்துவமனைகள் மருந்து வணிகர்களுக்குத் தராமல் வைத்திருந்த பாக்கியைக் கவனியுங்கள்: டிசம்பரில் மருந்து வந்து இறங்குகிறது, நோயாளி அதை உட்கொண்டு வீடு திரும்பியும் விடுகிறார், ஆனால் பணம் கைமாறும் நாளில்தான் செலவை எழுதுவது என்னும் ரொக்கக் கணக்கு முறையில், அந்தக் கடன் ஏட்டில் ஏறுவதே இல்லை.

பொருள் வந்த அன்றே கடனைப் பதியும் சர்வதேசத் தரங்களை ஆதாரமாகக் கொண்டு, ஐரோப்பாவுக்கெனப் பொதுத் தரங்களை வகுக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2013-இல் உரைத்தது. பிரான்ஸ் அதற்கு முன்பே, 2006-இல், அம்முறைக்கு மாறிவிட்டது. ஜெர்மானிய மத்திய அரசாங்கமோ புராதனமான ரொக்க முறையை விடவில்லை. கணக்கெழுதும் சுதந்திரம் அந்தந்த தேசத்துக்கு உரியது என்னும் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் கடன்பாரம் எல்லை கடந்து அண்டை தேசத்துக் குடிகளின் தோளில் ஏறுமாயின், அச்சுதந்திரத்துக்கும் வரம்பு உண்டு. ஐரோப்பிய அரசாங்கங்கள் இனியும் தாமதியாமல் அத்தரங்களைச் சட்டமாக்க வேண்டும்.