முதலில் செத்தவீடு, பிறகுதான் பேய்

ஒரு தமிழ்ப் பேய்ப்படத்தில், பேய் ஏன் பேயானது என்று எந்த இடத்தில சொல்லுவினம்? படம் பார்க்காமலே சொல்லலாம். இடைவேளை முடிஞ்சு, கச்சான் சரை காலியாகி, மந்திரவாதி ஒருத்தர் வந்து வட்டம் கீறிப் பேயை அதுக்குள்ள இருத்தின பிறகு. அதுவரைக்கும் பேய்க்குப் பேரில்லை, ஊரில்லை. கதவை அடிச்சுச் சாத்துறதும், காலைப் பிடிச்சு இழுக்கிறதும், பகிடிக்காரரைக் கத்த வைக்கிறதும்தான் அதின்ர வேலை. பிறகு திடீரென்று இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு சோகக்கதை: நல்ல மனிசர், கெட்ட வில்லன், கொலை. கையோட பழிவாங்கல், ஓர் அம்மன் பாட்டு, எழும்பி வீட்டை போங்கோ.

இந்த ஒழுங்கைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். பேய்ப்படங்களை அல்ல. எங்களில் கனபேர் பேய்ப்பட விசர்கள். இரவு ஒரு மணிக்கு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, பிறகு முற்றத்துக்குப் போக ஆளைத் துணைக்கு எழுப்புகிற கூட்டம். ஆனால் செத்தவரின் துயரத்தைக் கடைசியில் ஒரு காரணமாக மட்டும் நீட்டுகிற இந்தத் திரைக்கதை கலையாகவும் பிழை, யாழ்ப்பாணத்தில் இருந்து படமெடுக்க வெளிக்கிடுகிற எங்களுக்கு அதைவிடப் பெரிய பிழை. இப்போது இதைச் சொல்லவேண்டி வந்திருக்கிறது. எங்கட பெடியளும் பெட்டையளும் எழுதுகிற குறும்படங்களுக்குள்ளும் இதே அச்சு வந்து குந்திவிட்டது.

அச்சை வார்த்தவர்களில் முக்கியமான ஆள் ராகவா லோரன்ஸ். 2007 இல் 'முனி', 2011 இல் 'காஞ்சனா', 2015 இலும் 2019 இலும் அடுத்த பாகங்கள். சுந்தர் சி. 2014 இல் தொடங்கிய 'அரண்மனை', 2024 இல் நாலாம் பாகத்துக்கு வந்து குஷ்புவையும் சிம்ரனையும் அம்மன் பாட்டுக்கு ஆடவிட்டது. நாங்கள் சிரிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டோம். பயந்துபோய் இடுப்பில ஏறிக் குந்துகிற லோரன்சையும் கோவை சரளாவின் முகத்தையும் பார்த்து வீடே விழுந்து விழுந்து சிரிச்சது உண்மை.

ஆனால் 'காஞ்சனா'வின் கதைதான் என்ன? அவ ஒரு திருநங்கை. இன்னொரு திருநங்கைப் பிள்ளையை எடுத்து வளர்த்து டொக்டருக்குப் படிக்க வைக்கிறா. ஆஸ்பத்திரி கட்டக் காணி வாங்குறா. அந்தக் காணியை அரசியல்வாதி ஒருவன் பிடிக்கிறான். நியாயம் கேட்கப் போனவவையும் கூட நின்றவர்களையும் கொன்று தாட்டுவிடுகிறான். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பின குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காணி பிடிபட்ட கதையை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தப் படத்தில் இன்றைக்கும் நினைவில் நிற்பது சரத்குமார் வருகிற அந்தப் பகுதிதான், அதில் எங்களுக்குள்ள சண்டையே இல்லை. பிறகேன் அவவைப் பாதிப் படத்துக்கு மேல ஒளிச்சு வச்சவை?

அதுக்கு ஒரு நியாயம் சொல்லுவினம். பயத்துக்குத் தெரியாமை வேணும், சோகத்துக்குத் தெரிஞ்சிருக்க வேணும், ரெண்டையும் ஒரே சட்டியில வைக்க ஏலாது. ஆகவே இடைவேளையை மதிலாகக் கட்டி, அங்கால பயத்தையும் இங்கால சோகத்தையும் பிரிச்சு விடுகினம். விளைவு என்ன? முற்பாதியில் பேய் ஓர் ஆளே இல்லை, வெறும் சத்தம். பிற்பாதியில் அது ஆளானவுடன் ஒருத்தருக்கும் பயமில்லை. எல்லாரும் அதின்ர பக்கம் சேர்ந்து வில்லனை அடியடியென்று கைதட்டுகினம். ஒரு படத்தின் காசில் ரெண்டு அரைப்படம்.

முற்பாதிப் பயம்கூடப் பயமில்லை. திடீரென்று பெரிய சத்தம் போட்டால் கோழியும் துள்ளும். அது உடம்பின்ர வேலை. 1942 இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில், இரவில் தனியே நடந்து போகிற பெண்ணைப் பின்தொடரும் காலடிச் சத்தம் மெல்ல மெல்ல நின்றுபோகும். அமைதி நீளும். அப்ப சீறிக்கொண்டு வந்து நிற்கிறது ஒரு பஸ், அவ்வளவுதான். பஸ்ஸின் சத்தத்தில் துள்ளுகிறோம், ஆனால் அதுக்கு முன்னால இருந்த அமைதிதான் வீட்டுக்கு எங்களோட வருகிறது. எங்கட ஆக்கள் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு அமைதியை விட்டுப்போட்டினம். கொஞ்சம் அமைதி வந்தாலும் உடன ஒரு பகிடி போட்டு அதை ஊதி அணைக்கிறது.

ரெண்டையும் ஒரே சட்டியில வைக்கலாம். வச்சிருக்கினம். 1993 இல் பாசில் எடுத்த 'மணிச்சித்ரத்தாழ்' படத்தில், நாகவல்லிக்கு நடந்ததைக் கங்காவும் நாங்களும் முற்பகுதியிலேயே கேட்டுவிடுகிறோம். கதையைக் கேட்ட கங்காவின் மனத்தில் அந்தத் துயரம் ஊறி ஊறித்தான் பிறகு பயமாகிறது. பழிவாங்கல்கூட அங்கே ஒரு பொம்மையின் கழுத்தில் நடக்கிற நாடகம், ஒரு வைத்தியம். 2005 இல் 'சந்திரமுகி'யாக அது தமிழுக்கு வந்தபோது, அந்த வீட்டின் பாரத்தை ரஜினியின் பகிடிகளும் பஞ்ச் வசனங்களும் பங்குபோட்டுக்கொண்டன. அதுக்குப் பிறகு வந்தவர்கள் அந்தப் படத்தில் இருந்து எடுத்தது பங்களாவையும் உருட்டுற கண்ணையும்தான்.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேணும். பார்க்காதவை இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கோ, கதையை உடைக்கப் போகிறோம். படம் தொடங்குவதே சாவோடு. வாகனம் மோதி றோட்டில் கிடக்கிற பெண்ணை வயலின்காரப் பெடியன் ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவள் அவன்ர கையைப் பிடித்தபடி செத்துப்போகிறாள். அவளின்ர ஒற்றைச் செருப்பு அவனிட்ட மிஞ்சுது. பிறகு அவன்ர வீட்டுக்குள்ள ஏதோ நடமாடுது. யார் என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். என்ன வேணும் என்பதுதான் தெரியாது. இந்த ஒரு மாற்றத்தில் படத்தின் நாடித்துடிப்பே மாறிவிடுகிறது. ஒவ்வொரு பயத்துக்குள்ளும் அந்தக் கை இருக்கிறது. மகளை எரிக்கவோ தாட்கவோ மனம் வராமல் ஐஸுக்குள்ள வச்சிருக்கிற தகப்பன், ராதாரவி, பேயாய் நிற்கிற மகளைப் பார்த்து வீட்ட வா எண்டு கெஞ்சுகிற இடத்தில் நாங்கள் பயந்துகொண்டே அழுதோம். கடைசியில் தெரியவருகிற உண்மை, மோதினது அந்தப் பெடியனேதான். வில்லன் எண்டு ஒருத்தனில்லை. கைதட்ட இடமில்லை.

போர் நடந்த ஊர்களில் எடுத்த பேய்ப்படங்கள் இந்தக் கணக்கை முதலே போட்டுவிட்டன. ஸ்பானிய உள்நாட்டுப் போரின் கடைசிக் காலத்தில் நடக்கிறது கியர்மோ டெல் டோரோவின் 'த டெவில்ஸ் பேக்போன்' (2001). அநாதை இல்லத்து முற்றத்தின் நடுவில், வெடிக்காத குண்டொன்று தலைகீழாய்க் குத்தி நிற்கிறது. அது விழுந்த இரவில்தான் ஒரு பெடியன் காணாமல் போனான். பிள்ளைகள் குண்டைச் சுற்றி ஓடி விளையாடுகிறார்கள், இரவில் அந்தப் பெடியனின் பெருமூச்சைக் கேட்கிறார்கள். பாபக் அன்வரியின் 'அண்டர் த ஷடோ' (2016) ஈராக்கின் ஏவுகணைகள் விழுந்த தெஹ்ரானில் நடக்கிறது. அங்கேயும் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து வெடிக்காமல் கிடக்கிற ஒன்று. அதோடுதான் ஜின் வந்தது என்று அயலுக்குள்ள கதை. பங்கருக்குள்ள இருந்து வளர்ந்த எங்கட அக்காமாருக்கு இந்தப் படங்களைப் போட்டுக் காட்டினால், எங்க பயம் தொடங்குது எண்டு அவை எங்களைவிட முதலே சொல்லுவினம்.

இதெல்லாம் வெளிநாட்டாரிட்டப் படிக்கவேண்டிய வித்தையும் இல்லை. அம்மம்மா சொன்ன பேய்க்கதை எப்பிடித் தொடங்கும்? "உந்தப் புளியில தூங்கினது ஆர் தெரியுமோ?" முதல் ஆள், பிறகு சாவு, பிறகுதான் இரவில் கேட்கிற சத்தம். பனையால விழுந்தவர், பிள்ளைப்பேற்றில் போன பெண், கொத்தி எண்டு எல்லாம் அந்த ஒழுங்கில்தான். எங்கட செத்தவீட்டுக்கே ஒரு திரைக்கதை இருக்கிறது. முதல்நாள் வாய்விட்டு அழுகை, சுண்ணம் இடிக்கிறது. பிறகு காடாத்து. எட்டுச்செலவுக்கு அவருக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சுப் படைக்கிறோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கீரிமலைக்குப் போய்த் தண்ணியில இறங்கி நிற்கிறோம். அதுமட்டும் ஆள் வீட்டைச் சுத்தித்தான் நிப்பார் எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். இரவில் கோடிக்குள்ள ஏதும் சரசரத்தால் மெய் சிலிர்க்கும், ஆனால் அவருக்கெண்டு வச்ச தேத்தண்ணியை ஒருத்தரும் எடுத்து ஊற்றமாட்டினம். பயமும் பாசமும் ஒரே முற்றத்தில இருக்கும். ஆட்டைத்திவசம் வரைக்கும் ஒரு வருசம் எடுத்து, ஆளை மெல்ல மெல்ல அங்கால அனுப்புகிறோம்.

இனி, இந்த ஒழுங்கு நடக்கவே விடப்படாதவர்களின் ஊர் இது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் குந்தின தாய்மாருக்கு ஆள் ஆரெண்டு தெரியும். என்ன நடந்தது எண்டு தெரியாது. திவசத்துக்குத் திகதியில்லை. செம்மணியில் அது மறுபக்கம். 2025 இல் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டினபோது எலும்புகள் வெளிப்பட்டன. அந்த வருசத்து அகழ்வில் 200 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றுக்கு இலக்கம் இருக்கிறது, பேரில்லை. நீலப் பள்ளிக்கூடப் பை, விளையாட்டுப் பொம்மை எல்லாம் வந்தது. ஓகஸ்ட்டில் எடுத்த பொருள்களை வைத்து, ஆராவது அடையாளம் காணுவினமோ என்று சனத்துக்குக் காட்டினார்கள். வரிசையில் நின்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு போனது சனம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு ஒருத்தர், 'இடைவேளைக்குப் பிறகு பிளாஷ்பாக்கில சொல்லுவம்' என்று செத்தவரின் கதையைத் தள்ளி வைத்தால் எங்களுக்குப் பத்திக்கொண்டு வருகிறது. பழிவாங்கலோடு எல்லாம் சரியாகிவிடும் என்பது அதைவிடக் கொடுமை. ஒரு எம்.எல்.ஏ.யைக் கொன்றால் காணி திரும்பும், ஆவி அடங்கும், நாங்களும் பொப்கோர்ன் பெட்டியை எறிந்துவிட்டு வரலாம் என்றால், 1990 இல் இருந்து காணி கேட்டுக்கொண்டிருக்கிற சனம் எவ்வளவு முட்டாளாக இருக்கவேணும்! வெள்ளைச் சேலையைக் கண்டவுடன் சத்தம் போடுகிற இசைக்காரருக்கும் ஒன்று சொல்லவேணும்: எங்கட வீடுகளில் வெள்ளைச் சேலை உடுத்தவர்களின் பக்கத்தில்தான் நாங்கள் படுத்து நித்திரை கொண்டோம்.

'எல்லாத்துக்குள்ளயும் போரைக் கொண்டு வாறியள், ஒரு பேய்ப்படத்தையாவது விடுங்கோவன்' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஞாயம் இல்லாமலில்லை, எங்களுக்கும் சில நாளில் களைப்பாகத்தான் இருக்கும். நாங்கள் போர்ப்பேய்தான் வேணும் எண்டு கேட்கேல்லை. காதல் தோல்வியில் கிணற்றில் குதிச்சவவாக இருக்கட்டும், கள்ளுச் சீவப் போய் விழுந்தவராக இருக்கட்டும். யாராக இருந்தாலும் முதல் அழுகை எங்களுக்குக் கேட்கட்டும், அதுக்குப் பிறகு பயப்படுத்துங்கோ.

அண்மையில் எங்கட வட்டத்துக்குள் ஒரு திரைக்கதை வாசித்தோம். எழுதின தம்பியின் பேர் வேண்டாம், கெட்டிக்காரன். விடுவிக்கப்பட்ட காணிக்குள் ஐந்து பெடியள் ரோச் லைற்றோடு போகிறார்கள், கூரையில்லாத வீடு, சுவருக்குள்ளால ஆலமரம், வெள்ளைச் சேலை, கத்தல், கடைசியில் ஷெல் விழுந்து செத்த ஒரு தாயின் பிளாஷ்பாக். முப்பது பக்கத்தில் அந்தத் தாய்க்கு மூன்று பக்கம். நாங்கள் கேட்டது, ரோச் லைற் பெடியளை முழுசாக எடுத்துவிடச் சொல்லி. அந்தக் காணிக்குத் திரும்பி வருகிற குடும்பம் முதல் செய்கிற வேலை என்ன? கிணறு இறைக்கிறது. முப்பது வருசம் ஒருத்தரும் தண்ணி அள்ளாத கிணறு. தாய் அதுக்குள்ளதான் எண்டு முதல் காட்சியிலேயே எங்களுக்குச் சொல்லிப்போடு. மகனுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கட்டும், பேரப்பிள்ளைக்குத் தெரியவேண்டாம். பம்ப் ஓடட்டும். தண்ணி ஒவ்வொரு முழமாக இறங்கட்டும். முதல் இலைகுழை வரும், பிறகு சேறு, பிறகு ஒரு செம்பு. செம்பைக் கழுவி வெய்யிலில் வைக்கிறாள் அந்தப் பிள்ளை. இந்த இடத்தில் இசை போடாதே தம்பி, பம்ப் சத்தம் காணும்.