ரெண்டுக்கு ரெண்டு டைல் ரெண்டு அடி இல்லை

டிஸ்கி: வீடு கட்டுற, வீட்டுத் தரையை மாத்துற மக்களுக்கான பதிவு. கொஞ்சம் கணக்கு வரும். அஞ்சாங்கிளாஸ் கணக்குதான், பயப்படாதீங்க.

கிரகப்பிரவேசத்துக்குப் போனா சாப்பிட்ட கையோட நம்மாளுங்க பண்ற முதல் வேலை தரையைப் பார்க்கிறது. "அந்த ஓரத்துல பாருங்க, ரெண்டு விரக்கடைத் துண்டு, அதுவும் போகப் போகக் கூராயிடுச்சு"ன்னு ஒரு பெரியவர் ஆரம்பிப்பார். அப்புறம் மேஸ்திரிக்கு அர்ச்சனைதான். வெட்டத் தெரியல, பிளேடு சரியில்ல, இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா வேலை செய்யறான், இத்யாதி இத்யாதி.

என் கட்சி வேற. அந்தத் துண்டு வெட்டுறப்ப வந்த தப்பு இல்லை. வெட்டுறதுக்கு முன்னாடி யாரும் கணக்குப் போடாததால வந்தது. அந்தக் கணக்குக்கு நாம காசு குடுக்கிறதே இல்லை, பிரச்சினை அங்கதான் இருக்கு.

மொதல்ல அளவு. கடைல எல்லாரும் 'ரெண்டுக்கு ரெண்டு'ன்னு கேட்டு வாங்குறோம். பெட்டியத் திருப்பிப் பாருங்க, 600 × 600 மிமீன்னு இருக்கும். ரெண்டு அடிங்கிறது 609.6 மிமீ. ஒரு டைலுக்கு 9.6 மிமீ குறையுது. நம்ம ஊர் மேஸ்திரிக்கு ஒரு இஞ்ச்சுக்கு எட்டு நூல், அந்தக் கணக்குல கிட்டத்தட்ட மூணு நூல். பிளான் அடியில, மேஸ்திரி நூல்ல, டைல் மில்லிமீட்டர்ல. 1999-ல நாசா செவ்வாய்க்கு அனுப்புன ஒரு விண்கலமே இப்படி ரெண்டு அளவு முறை கலந்ததுல போய்ச் சேர்ந்துச்சு. நம்ம பெட்ரூம் எம்மாத்திரம்!

இப்ப 12 அடிக்கு 10 அடி ரூம் ஒண்ணு. (பூச்சு முடிஞ்ச பிறகு சுவத்துக்குச் சுவர் டேப் வெச்சு அளந்தது. பிளான்ல இருக்கிற அளவை நம்பாதீங்க, பூச்சு கொஞ்சம் தின்னுடும்.) 12 அடின்னா 3658 மிமீ. 'ஆறு டைல், கச்சிதம்'னு மனசு சொல்லும். ரெண்டு மிமீ ஜாயின்ட் விட்டு ஆறு டைல் வெச்சா 3612தான். மிச்சம் 45 மிமீ சொச்சம், ரெண்டு இஞ்ச்சுக்கும் கம்மி. 10 அடிப் பக்கம் அஞ்சு டைல் போக ஒண்ணரை இஞ்ச் மிச்சம். பெரியவர் கண்ணுல படுற துண்டு இதுதான்.

இதையே நடுவுல இருந்து ஆரம்பிச்சா? 12 அடிப் பக்கம் அஞ்சு முழு டைல், ரெண்டு ஓரத்துலயும் 322 மிமீ. இன்னொரு பக்கம் நாலு முழு டைல், ஓரங்கள்ல 319. எல்லாமே பாதி டைலுக்கு மேல.

சும்மா கிடைக்குமா? கிடைக்காது. போன வருஷம் சித்தப்பா வீட்டுல இதைத் தாள்ல போட்டுக் காட்டினப்ப மேஸ்திரி அண்ணன் ஒரு பார்வைதான் பார்த்தார். "தம்பி, 31-ல முடியற ரூம் 42 ஆகும். சித்தப்பா ஒத்துக்குவாரா?" அடுத்த மூச்சுல அவரே, "ஆனா கழிவுலயே ஸ்கர்ட்டிங் எடுத்துடலாம்"னார். கதவு போக 41 அடிக்கு நாலு இஞ்ச் ஸ்கர்ட்டிங், 21 பட்டை. ஓரத்துல வெட்டின மிச்சத்துல ஒரு துண்டுக்கு ரெண்டு பட்டை வருது. இல்லேன்னா அதுக்குத் தனியா அஞ்சு டைல் அறுக்கணும். ஆக 36-க்கு 42, வித்தியாசம் ஆறு டைல். நாலு டைல் இருக்கிற பெட்டின்னா ஒண்ணரைப் பெட்டி. அது எனக்கு ஓகே. உங்களுக்கு ஓகே இல்லேன்னா கட்டில், பீரோ வர்ற பக்கம் சின்னத் துண்டைத் தள்ளிட்டு வாசல்ல முழு டைல் வெச்சுக்கங்க. எதுவா இருந்தாலும் கலவை கலக்குறதுக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க.

அடுத்தது மூலை. ரூமோட ரெண்டு குறுக்களவையும் பிடிச்சுப் பாருங்க. 12×10-க்கு ரெண்டுமே 15 அடி ஏழரை இஞ்ச் கிட்ட வரணும் (சனி பகவானுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை). பெரும்பாலும் வராது. சுவர் 10 அடிக்கு ஒரு இஞ்ச் சாஞ்சிருந்தா 45 மிமீ துண்டு மறுமுனையில 20 ஆயிடும், குருடனுக்கும் தெரியும். 322 துண்டு 297 ஆனா எவன் கண்டுபிடிக்கப் போறான்? அதனால சுவத்தை ஒட்டி முதல் வரிசை போடாதீங்க. நடுவுல 3-4-5 கணக்குல நூல் அடிங்க. 6-8-10 அடின்னா இன்னும் துல்லியம்.

வெட்டுறதுக்கு டேப்பே அதிகம் வேணாம். வெட்ட வேண்டிய டைலைக் கடைசி முழு டைல் மேல அச்சா வைங்க. அதுக்கு மேல இன்னொரு டைலைச் சுவத்துல முட்ட வெச்சு, அதோட ஓரத்துல கோடு. ஜாயின்ட்டுக்கும் சுவர் இடைவெளிக்கும் கழிச்சுக்கங்க. ஒவ்வொரு டைலுக்கும் தனித்தனியா, ரெண்டு முனையிலயும். ஒண்ணை அளந்து பத்தை வெட்டுறது வேணாம். ஃபேக்டரி ஓரம் ஜாயின்ட் பக்கம், வெட்டின ஓரம் ஸ்கர்ட்டிங் அடில. நிலைக்கால் கிட்ட 'எல்' வெட்டுன்னா உள்மூலைல மொதல்ல ஒரு ஓட்டை, இல்லேன்னா அங்கிருந்துதான் விரிசல் ஓடும். கிரைண்டர்னா தண்ணி விட்டு வெட்டச் சொல்லுங்க. அந்தத் தூசில சிலிக்கா இருக்கு, வருஷக்கணக்கா சுவாசிக்கிறவர் நுரையீரலை அரிச்சுடும். பிளேடுக்கும் நல்லது.

"இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியாதா?"ன்னா, பேஷா தெரியும். மேல பாருங்க, 42-ன்னு நொடியில சொன்னவர் அவர்தான். ஆனா நாம கூலி பேசுறது சதுர அடிக்கு. நூல் அடிச்சு, கலவை இல்லாம அடுக்கிப் பார்த்து, மாத்தி அடுக்குற அரை நாள்ல ஒரு சதுர அடி கூட ஏறாது. அது அவர் கைக்காசு. சுவத்தோரம் ஆரம்பிச்சாத்தான் அன்னிக்குக் கூலி தேறும்னா யாரா இருந்தாலும் சுவத்தோரம்தான் ஆரம்பிப்பாங்க. எங்க ஆபீஸ்ல டிசைனுக்கு நாள் ஒதுக்காம கோடு வரியை எண்ணிக் காசு குடுத்தா நானும் அதான் செய்வேன்.

அதனால ரேட் பேசுறப்பவே சொல்லிடுங்க: "அண்ணே, மொத நாள் காலைல ஒட்ட வேணாம். நூல் அடிச்சு, நீளவாக்குல ஒரு வரிசை, அகலவாக்குல ஒரு வரிசை சும்மா அடுக்கிக் காட்டுங்க. அந்த அரை நாளுக்கு உங்களுக்கும் ஹெல்பருக்கும் தனிக் கூலி." அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி சொல்லணும், அது முக்கியம். கலவை கலந்தப்புறம் போய்ச் சொன்னா, "சார் எதையோ படிச்சுட்டு வந்துட்டாரு"ன்னு ஹெல்பரைப் பார்த்துக் கண்ணடிப்பாங்க.