ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

'சர்வர் டவுன்மா, நாளைக்கு வா!' இந்த டயலாக்கைக் கேட்காம டிகிரி வாங்கினவங்க இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம். காலேஜ் ஆபீஸ் ஜன்னல்ல நின்னு பல்லைக் கடிச்சவன்தான் நானும். எட்டயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில கிளார்க்கா இருக்கிற எங்க அக்கா பக்கத்துல ஒருநாள் உட்கார்ந்தேன். வாய் அடங்கிடுச்சு.

2022 செப்டம்பர்ல புதுமைப் பெண் திட்டம், 2024 ஆகஸ்ட்ல பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன். மாசம் 1,000 ரூபாய் நேரா பேங்க்குக்கு வந்துடும். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ், அப்பாவுக்கு மானாவாரி உளுந்துன்னு ஓடுற கரிசல் வீட்டுல அது சின்னக் காசு இல்ல. கம்ப்யூட்டர் இல்லேன்னா இது நடக்கவே நடக்காது, ஒத்துக்கறேன்.

ஆனா எமிஸ் நம்பர், ஆதார், பேங்க் எல்லாம் ஒத்துப் போகணுமே! முத்துலட்சுமி தமிழ்ல ஒரே முத்துலட்சுமிதான். இங்கிலீஷ்ல மார்க் ஷீட்ல ஒரு 'எச்' இருக்கும், ஆதார்ல இருக்காது. இனிஷியல் ஒண்ணுல முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி. பேங்க்ல அப்பா பேரே முழுசா நிக்கும். நமக்கு ஒரு பொண்ணு, மெஷினுக்கு மூணு பேர். நம்மூரு சுப்பிரமணியனே இன்னிக்கு வந்து நின்னாலும், 11 வயசுல கிடைச்ச 'பாரதி' பட்டம் ஆதார்ல இருக்கா தம்பின்னுதான் அக்கா கேட்டாகணும்!

முந்தியெல்லாம் ரெஜிஸ்டர்ல ஒரு கோடு, ஒரு கையெழுத்து, முடிஞ்சுது. இப்ப திருத்துற இடம் ஆதார் சென்டர்லயும் பேங்க்லயும் இருக்கு. திட்டு வாங்குற இடம் மட்டும் அதே ஜன்னல். எங்கும் கம்ப்யூட்டர் தெரியுது, உற்பத்திக் கணக்குல மட்டும் காணோமேன்னு ராபர்ட் சோலோங்கிற பொருளாதார மேதை 1987-லயே கேட்டிருக்கார். அக்கா ஆபீஸ்ல எனக்குத் தோணினது வேற. அன்னிக்கு எத்தனை என்ட்ரி போட்டாங்கன்னு ஸ்கிரீன் காட்டும். ஒரே ஒரு பேரைச் சரி பண்ண அரை நாள் போன்ல அலைஞ்சது அதுல எங்கயும் ஏறாது.

அன்னிக்கு அந்த ஒரு பேர், ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு. ஓடிபி போக வேண்டிய நம்பர் ரீசார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு. பக்கத்து வீட்டு போனுக்கு அடிச்சு, அவ அம்மாவை வேலையிலிருந்து வரவழைச்சுப் பேசுறப்ப சாயங்காலம் அஞ்சரை. "நாளைக்கு காலையில பத்து மணிக்கு ரெண்டு பேரும் வந்துருங்கம்மா, நான் இருப்பேன்"னாங்க அக்கா. மறுநாள் சனிக்கிழமை.

சரி மக்களே, டென்த் மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்துல வெச்சு, உங்க பேருல எத்தனை 'எச்'னு இன்னிக்கே எண்ணிடுங்க.