கூத்து மேடை தந்த இசை
கொல்கத்தா நாடக மேடைக்கு இசை தந்த காஜி நஸ்ருல் இஸ்லாம், அந்த வித்தையைக் கற்றது கிராமத்துக் கூத்தில். 1899-ல் ஆசன்சோல் அருகே சுருலியாவில் பிறந்தவர். 1908-ல் தந்தை இறக்க, சிறுவன் வயிற்றுப்பாட்டுக்காக ‘லேட்டோ’ கூத்துக் குழுவில் சேர்ந்து பாட்டுக் கட்டினான். சகுனி, கர்ணன் கதைகளை நாடகமாக்கினான். அடுத்து ரொட்டிக் கடை வேலை. ராணுவத்திலிருந்து 1920-ல் கல்கத்தா வந்தவரை, ஆங்கிலேய அரசை எதிர்த்த கவிதைக்காகச் சிறையில் தள்ளினார்கள். 1923-ல், சிறையிலிருந்த அவருக்கே தன் ‘வசந்த’ இசை நாடகத்தைச் சமர்ப்பித்தார் தாகூர். 1930-ல் மகன் புல்புல் அம்மை நோயில் இறந்தான். மறு ஆண்டே நஸ்ருலின் இசை நாடகம் ‘ஆலேயா’ மேடையேறியது. 1942-ல் நோய் அவரது பேச்சைப் பறித்தது. 34 ஆண்டு மௌனத்துக்குப் பின் 1976-ல் டாக்காவில் மறைந்தார். அவரது பாடல்கள் எல்லைக்கு இருபுறமும் இன்றும் ஒலிக்கின்றன.