எவ்வளவு வாங்கினார்கள்?

2022இல் வந்த ‘பச்சிங்கோ’ தொடரைச் சொல்லிச் சொல்லி உருகுகிறார்கள், குற்றாலச் சீசனுக்கு வரும் இலக்கிய நண்பர்கள். ஜப்பானில் பிழைக்கப் போன கொரியக் குடும்பம், நாலு தலைமுறை. பேரை மாற்றி, பிறப்பை மறைத்து வாழ்கிற அவமானம். 1923 பூகம்பத்தின்போது, கொரியன் கிணற்றில் விஷம் கலந்தான் என்று புரளி கிளப்பி ஆயிரக்கணக்கானவர்களை வெட்டிச் சாய்த்தார்களே, அந்தப் படுகொலையும் வருகிறது. நானும் பார்த்தேன். நல்ல தொடர்தான்.

சரி, தென்காசிக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரம் இருக்குதே தோழர்களே என்றால், உடனே வருகிறது பதில்: “அரபு நாட்டுப் பணம் வாங்கிட்டு மாறுனாங்களே, அதானே?”

1981 பிப்ரவரி 19. 150க்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போயின. டெல்லியிலிருந்து வாஜ்பாய் வரை வந்து பார்த்தார்கள். அன்றும் இதே கேள்விதான். கொரியன் பேரை மாற்றினால் வரலாற்றுக் காயம், சேரிக்காரன் மாற்றினால் பேரமா?

நான் பேங்க் குமாஸ்தா. நாள் முழுக்க நோட்டு எண்ணுகிறவன். தோளில் துண்டு, காலில் செருப்பு, டீக்கடையில் எல்லாரும் குடிக்கிற அதே கிளாஸ், ‘லே’ போய் ‘பாய்’ என்று ஒரு விளி. இதுக்கெல்லாம் என்ன ரேட்டு என்று எந்த லெட்ஜரிலும் நான் பார்த்ததில்லை.

ரஹ்மத் நகர் என்று அந்த ஊருக்கு அவர்களே பேர் வைத்தார்கள். அங்கே போய், கிழவிகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் போனீங்க பாட்டி என்று கேளுங்கள். தொகையை அப்புறம் கேட்கலாம்.