கரிசல்காட்டுப் பிள்ளைகளும் காலேஜ் படிப்பும்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், பசுவந்தனை பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எந்தப் பையனும் இரண்டு கேள்விகளிடமிருந்து தப்ப முடியாது. "என்ன மார்க்கு?" என்பது முதலாவது. "அடுத்து என்ன?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்காவது அவன் பதில் சொல்லலாம். இரண்டாவதுக்கு அவன் வாயைத் திறப்பதற்குள் கேட்டவரே பதிலையும் சொல்லிவிடுவார்.

"பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேத்துவிடச் சொல்லுய்யா. எங்க மச்சான் மகன் அதத்தான் படிச்சான். இப்பம் பெங்களூர்ல இருக்கான்!"

மச்சான் மகனோடு அதே வகுப்பில் உட்கார்ந்து படித்த மற்றவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

காலேஜுக்குப் போவதா வேண்டாமா என்பது ஒரு கேள்வி. போனால் என்ன படிப்பது என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் 47 சதவீதம் என்று 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாடு முழுவதும் சேர்த்தால் 28.4 தான். பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணக்கிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் முதல் கேள்வி இன்னும் தீரவில்லை. தீர்ந்த வீடுகளிலோ இரண்டாவது கேள்வியை யாரும் சரியாகக் கேட்பதில்லை.

மானாவாரி வெள்ளாமை என்பதே ஒரு சூதாட்டம் மாதிரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி, அது வருவதற்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் கரிசல் சம்சாரியின் நிதானத்தைப் பாருங்கள். பருத்திக்குள் உளுந்தை ஊடுபயிராகப் போடுவார். ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று கை கொடுக்கும். எந்தப் புஞ்சைக்கு எது வரும், எது வராது என்று அவருக்கு அத்துப்படி. அதே மனிதர் பிள்ளையின் படிப்பு என்று வரும்போது மட்டும் பக்கத்துப் புஞ்சையைப் பார்த்து விதைக்கிறார்! (வெள்ளாமையிலும் அப்படி விதைப்பவர்கள் உண்டு. அவர்கள் கதையும் ஊருக்குத் தெரியும்.)

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. புஞ்சையைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க அவருக்கு அப்பா இருந்தார், தாத்தா இருந்தார். பி.எஸ்ஸி. இயற்பியலுக்கும் பி.இ. மெக்கானிக்கலுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிக் கொடுக்க அந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் சொல்வதுதான் கிடைக்கிற ஒரே தகவல்.

உண்மையைச் சொன்னால், பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு முடிவெடுக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பத்தாவது முடித்துப் பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கிற அன்றைக்கே பாதிக் கதவுகள் மூடிவிடுகின்றன. கணக்கு எடுக்காதவன் பின்னால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போவது கஷ்டம். அறிவியலே எடுக்காதவனுக்கு வேளாண்மையும் இல்லை, நர்சிங்கும் இல்லை. கிராமத்துப் பள்ளியில் எல்லாக் குரூப்பும் இருக்காது. இருந்தாலும் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்க வேண்டும். கூட்டாளி எந்தக் குரூப்போ அதே குரூப் என்று பதினைந்து வயதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதினேழு வயதில் "என்ன படிக்கலாம்?" என்று யோசிப்பது, விதைத்த பிறகு விதை வாங்கப் போகிற கதை.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். அங்கே பாடத்தை முடிவு செய்வது பஸ்! காலையில் எத்தனை மணிக்குப் பஸ், சாயங்காலம் இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா, வழியில் இறங்கி மாற வேண்டுமா... இதெல்லாம் பார்த்த பிறகுதான் எந்தக் காலேஜ் என்பது. அந்தக் காலேஜில் என்ன இருக்கிறதோ அதுதான் பாடம். வேதியியல் மேல் ஆசை இருந்தாலும், லேப் முடிந்து வர நேரமாகும் என்று பி.ஏ. தமிழிலோ பி.காமிலோ சேர்க்கப்பட்ட பெண்கள் ஏராளம். (தமிழ் படிப்பது மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆசைப்பட்டுப் படிக்க வேண்டிய பாடத்தைப் பஸ்ஸுக்காகப் படிக்க வைப்பதுதான் கொடுமை.) அதுவும் இல்லையென்றால் தீப்பெட்டி ஆபீஸ், கல்யாணம் வரைக்கும் அங்கே.

இதில் கொஞ்சம் மாற்றம் வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் போகிற பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும் வந்தது. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று நகரத்தில் கேட்கலாம். "காலேஜுக்கு அனுப்பக் காசு எங்க இருக்கு?" என்று கேட்கிற வீட்டில் அது ஒரு பதில்.

இனி இன்ஜினியரிங். 1984-ல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது; கோவில்பட்டியிலேயே நேஷனல் இன்ஜினியரிங் காலேஜ் அந்த வருஷம்தான் வந்தது. 1997-ல் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங். நுழைவுத் தேர்வை எடுத்தது 2007 சேர்க்கையிலிருந்து. 2010-ல் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை. ஆன்லைன் வருவதற்கு முன்னால், ஒரு மஞ்சள் பையில் சான்றிதழ்களைப் போட்டுக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்து ஹாலில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த அப்பாக்கள் எத்தனை பேர்! பல வீடுகள் அதனால் நிமிர்ந்தன. அதை மறுக்க முடியாது.

ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. கவுன்சிலிங்கில் நல்ல இடம் கிடைக்காதவர்களும் "இன்ஜினியர்தான்" என்று பிடிவாதமாக நின்று, நகையை அடகு வைத்து, புஞ்சையைக் கிரயம் பண்ணி, எங்கேயோ ஒரு காலேஜில் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸான பையன் முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்தான். மாநிலத்தில் 500-ஐத் தாண்டி நின்ற பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை பிறகு 450-க்கும் கீழே வந்துவிட்டது. காலேஜை மூடிவிடலாம். விற்ற புஞ்சை திரும்பி வராது. இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் நிரம்புகிறது, சிவிலும் மெக்கானிக்கலும் காத்தாடுகின்றன. ஐந்து வருஷம் கழித்து எது காத்தாடும் என்று யாருக்குத் தெரியும்?

காலேஜுக்குப் போகத்தான் வேண்டும். முடிந்தவரை எல்லாரும் போக வேண்டும். ஆனால் பிள்ளையைக் கேட்காமல் பாடத்தை முடிவு செய்வது ஒரு தப்பு, சொத்தை வைத்துக் கடன் வாங்குவது ஒரு ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் எந்த வீடும் தாங்காது. பக்கத்துக் காலேஜில் குறைந்த செலவில் விருப்பப்பட்ட பி.எஸ்ஸி., அல்லது ஒரு டிப்ளமோ, ஐ.டி.ஐ.... இவற்றை எடுப்பவனைத் தோற்றவனாகப் பார்க்கிற பழக்கம் முதலில் போக வேண்டும். அரசுப் பள்ளி மாணவராக இருந்தால், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் முன் இதை விசாரிக்கலாமே!

வேளாண்மை என்றதும் ஒரு வேடிக்கை. மானாவாரி விவசாயத்துக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் கோவில்பட்டியில் இருக்கிறது. 'கே' என்ற எழுத்தோடு வருகிற சோளம், பருத்தி ரகங்கள் எல்லாம் கோவில்பட்டிக்காரைதான். வேளாண் கல்லூரியோ இதே மாவட்டத்தில் வல்லநாடு பக்கம் கிள்ளிகுளத்தில். ஆனால் சம்சாரி வீட்டில் பையன் பி.எஸ்ஸி. அக்ரி என்று சொன்னால், "இந்தப் பாடு என்னோட போகட்டும்யா" என்பார்கள். அந்தப் படிப்பு படித்தவர்கள் வேளாண் அலுவலராகவும் பேங்க் அதிகாரியாகவும் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதற்குள் கட்-ஆஃப் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது!

"கி.ரா. என்ன காலேஜா படிச்சார்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. இடைசெவல்காரர், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர், புதுவைப் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராகப் போனார். நிஜம்தான். ஆனால் கரிசல் வட்டாரச் சொற்களை ஊர் ஊராகச் சேகரித்து அகராதி போட்ட மனிதர் அவர். அந்த உழைப்பை ஒரு ஆராய்ச்சி மாணவரிடம்கூட எதிர்பார்க்க முடியாது. காலேஜ் வேண்டாம் என்பவன் அந்த உழைப்பைத் தரத் தயாரா என்று பார்த்துவிட்டு அவரைத் துணைக்குக் கூப்பிடட்டும். இன்னொரு பக்கம் எட்டயபுரத்துச் சின்னசாமி ஐயர். மகன் கணக்கும் இயந்திரமும் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பினார். அவரே பருத்தி ஆலை தொடங்கி நொடித்துப் போனவர். மகனுக்கு அந்தப் படிப்பு கடைசி வரைக்கும் கசந்தது. அந்த மகன் பெயர் சுப்பிரமணியம். நல்லவேளை, அவர் அப்பா சொன்னபடி ஆகவில்லை!

இதையெல்லாம் தெரிந்துகொள்ளப் பெரிய வழிகாட்டி நிகழ்ச்சி எதுவும் தேவையில்லை. பத்தாவது ரிசல்ட்டுக்கு முன்பே, அப்பாவும் பிள்ளையும் ஒரு நாள் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி, ஒரு ஆர்ட்ஸ் காலேஜையும் ஒரு பாலிடெக்னிக்கையும் நேரில் பார்த்துவிட்டு வரலாம். பெங்களூரில் இருக்கிற மச்சான் மகனிடம் போனில் கேட்கலாம். கூடவே, அதே படிப்பை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு வந்தவனிடமும் கேட்க வேண்டும். அவன் தூரத்தில் இல்லை. அடுத்த தெருவில் செல்போன் கடையில் உட்கார்ந்திருப்பான். அவனிடம்தான் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை.