தாத்தாவின் கண்ணில் கோளாறில்லை!

2003-ல் எங்கள் வீட்டில் ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று: தாத்தாவுக்குக் கண் சரியில்லை. சாட்சி, 'அந்த நாள்' வி.சி.டி.

1954-ல் ஏவி.எம். தயாரித்து எஸ்.பாலசந்தர் இயக்கிய படம். பாட்டே கிடையாது. 1943-ல் சென்னை மீது ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள், ரேடியோ என்ஜினீயரான சிவாஜி சுடப்பட்டுக் கிடப்பார். சுட்டது யார்? ரிலீஸிலேயே பார்த்த தாத்தா அதை மட்டும் சொல்ல மாட்டார். "அதுல இருட்டுதாண்டா பயமுறுத்தும்" என்பதோடு சரி. (வாடகைக் கடைக்காரர் மீதிச் சில்லறையோடு கொலையாளியின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார்.)

படம் ஓடியது. துப்பாக்கிச் சத்தம், பொட்டு வெடி மாதிரி 'டப்'.

"என்னடா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?" என்றார் தாத்தா.

"உங்களுக்குக் கண்ணுல புரைப்பா" என்றார் என் அப்பா.

ஆபரேஷன் ஆயிற்று. மறுபடி அதே வி.சி.டி.

"இப்பத் தெளிவாத் தெரியுது."

"அப்பாடா!"

"படம் நல்லா இல்லேங்கறது."

இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்தோம். அப்போதும் தாத்தா அதையேதான் சொன்னார். பிடிவாதம் என்று விட்டுவிட்டோம்.

நான் பி.காம். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிற வியாதி உண்டு. அந்த வி.சி.டி.யில் ஒரு படத்துக்கு 352-க்கு 288, அதாவது 1,01,376 புள்ளிகள். ப்ளூ-ரேயில் 20,73,600. ஏறக்குறைய இருபது மடங்கு! ஒரு தட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் திணிக்க வேண்டுமே, எதையாவது கழித்தாக வேண்டும். முதலில் தள்ளுபடி ஆவது இருட்டுக்குள் இருக்கும் நுணுக்கங்கள். கறுப்பு கட்டம் கட்டமாக ஊர்ந்ததே, அது அதனால்தான். போதாததற்கு, 'பளிச்சுனு இருக்கட்டும்' என்று எவனோ ஒரு புண்ணியவான் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டிருப்பான். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து சாம்பலாகிவிடும். சிரிப்புப் படம் பிழைத்துக் கொள்ளும். கொலைப் படம் என்ன செய்யும், பாவம்?

சத்தமும் அப்படித்தான். பழைய ஒலிப்பதிவில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் இருக்கும். அதை அளவுக்கு மீறித் துடைத்தால் வசனத்தில் ச, ஸ எல்லாம் சேர்ந்து போய்விடும். ஜலதோஷம் பிடித்தவர் பேசுகிற மாதிரி கேட்கும். பாட்டில்லாத படத்தில் நிசப்தம் முக்கியம். ஒரே ஸ்பீக்கருக்கு எடுத்ததை ஐந்து ஸ்பீக்கரில் பிரித்து, 'சரவுண்ட்' என்று அட்டையில் போடுவதை நான் சேர்த்துக் கொள்வதில்லை.

போன வருடம் ஓரளவு நல்ல பிரதி கிடைத்தது. அகல டி.வி.யில் போட்டால் சிவாஜி இரண்டு சுற்றுப் பெருத்துத் தெரிந்தார். 4:3 என்று மாற்றினேன். 'ஷார்ப்னெஸ்', 'நாய்ஸ் ரிடக்ஷன்' எல்லாவற்றையும் அணைத்தேன்.

"ரெண்டு பக்கமும் காலியா இருக்கே, கட் பண்ணிட்டானா?" என்றாள் மனைவி. அந்தக் காலப் படச் சட்டமே அவ்வளவுதான் என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது.

கூடத்து விளக்கையும் அணைத்தேன். இந்தத் தடவை துப்பாக்கிச் சத்தம் நெஞ்சில் இடித்தது. ஒரு முகம். பாதி வெளிச்சம், பாதி நிழல். அந்த நிழல் உண்மையிலேயே கறுப்பாக இருந்தது. கொலையாளி யாரென்று இருபது வருடமாகத் தெரிந்தும் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக் கொண்டேன்.

பக்கத்தில் அப்பா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெகு நேரம் பேச்சில்லை.

"ரெண்டாவது கண்ணுக்கும் கூட்டிட்டுப் போனோமேடா..." என்றார்.